நெறி கட்டும் இடம்

எனக்கு ஏழு வயது இருக்கும். வரப்பில் ஓடியபோது குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. அப்பாயி ஊக்கால் கிளறி முள்ளை எடுத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினார். இரண்டு நாள் கழித்துத் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் உயிர் போகிற வலி. முள் ஏறியது குதிகாலில், கட்டி வந்தது தொடை இடுக்கில். பயந்து அழுதேன். "நெறி கட்டியிருக்குடி, வேற ஒண்ணுமில்ல. கால்ல இருக்குற கெட்டது மேல ஏறாம அது புடிச்சு நிறுத்தியிருக்கு" என்றார் அப்பாயி. கைநாட்டுக்காரர். பத்துப் பதினோரு ஆண்டு கழித்து எம்பிபிஎஸ் வகுப்பில் நிணநீர் மண்டலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். கரும்பலகையில் வரைந்த படம்தான் புதிதாக இருந்தது.

இன்னொரு நினைவும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். யானைக்கால் அங்கே அன்று சாதாரணமாகக் கண்ணில் படும் நோய். கடைத்தெருவில் வெற்றிலை விற்ற ஒருவர் வலது காலை மூட்டை போல முன்னால் நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சுகாதாரத் துறை ஆட்கள் டார்ச் லைட்டும் கண்ணாடித் தகடுகளுமாக வந்து, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். "பகல்ல வந்தா என்னவாம்?" என்று அம்மா சலித்துக்கொள்வார். நுண்புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்துக்குள் வரும் என்பது நான் பிறகு படித்தது. தாய்ப்புழு குடியிருப்பது நிணநீர்க் குழாயில். குழாய் கெட்டுப்போனால் நீர் திரும்ப வழியில்லை, கால் வீங்குகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் அறுவை மருத்துவராக இருந்தேன். கையில் வந்த நோயாளிகளில் பெரும்பகுதி மார்பகக் கட்டியோடு வந்த பெண்கள். மார்பக அறுவை பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் மார்பகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்குப் பேச வேண்டியிருப்பது அதற்குப் பக்கத்தில் இருக்கும் அக்குளைப் பற்றி. ஊரில் கக்கம் என்போம், கமக்கட்டு என்போம். சொல்லவே கூச்சப்படுகிற இடம். வேர்வை, முடி, நாற்றம் என்று ஒதுக்கிவைத்த இடம். எங்கள் பேராசிரியர் சொல்வார்: "மார்பகத்தை எவன் வேணா எடுத்துடுவான்மா. கக்கத்துக்குள்ள கையை விடும்போதுதான் சர்ஜன் யாருன்னு தெரியும்."

1975-ல் நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, உடற்கூறு அறையில் முதலில் கையில் கொடுத்ததே இந்த இடத்தைத்தான். நாங்கள் வைத்திருந்த கன்னிங்ஹாம் கையேடு கையிலிருந்துதான் தொடங்கும். நெஞ்சின் முன்பக்கமும் அக்குளும் அதில் முதல் பாடம். வாழ்க்கையில் நான் கத்தி வைத்த முதல் தோல் ஒரு நெஞ்சின் தோல். ஃபார்மலின் நெடியில் கண் எரிய, பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று சாம்பல் நிறக் கொழுப்பைச் சுரண்டினோம். நரம்புகள் காய்ந்த சணல் நூல் மாதிரி தெரிந்தன. எது எந்த நூல் என்று பெயர் சொல்லத் தெரிந்தால் பாஸ். அதை அறுத்தால் ஒருத்தியின் வாழ்க்கையில் என்ன நடக்கும் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

அக்குளைக் கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்காரிக்கு வேறு உவமை வராது. நாலு பக்கச் சுவர், அகன்ற அடி, மேலே போகப் போகக் குறுகும். அடித்தளம் முடி முளைக்கும் தோல். கலசம் இருக்கும் இடம் காறை எலும்புக்குப் பின்னால், கழுத்தின் அடிவாரம். முன்சுவர் இரண்டு மார்புத் தசைகள், பெரியது வெளியே, சின்னது உள்ளே. பின்சுவர் தோள்பட்டை எலும்பும் அதைப் போர்த்திய தசைகளும். உள்சுவர் விலா எலும்புகள். வெளிச்சுவர் கை எலும்பு. கைக்குப் போகும் ரத்தமும் கையிலிருந்து திரும்பும் ரத்தமும் நரம்புக் கற்றைகளும் கலசத்தின் வழியாக நுழைந்து இந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மிச்ச இடம் முழுக்கக் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குள் புதைந்து கிடப்பவைதான் நெறி கட்டும் முடிச்சுகள், ஆளுக்கு ஆள் இருபதிலிருந்து நாற்பது வரை.

மார்பகம் இந்தக் கோபுரத்தின் வாசலில் படர்ந்திருக்கிறது. வெளியே தெரிகிற வட்டத்தை விட அது பெரியது. இரண்டாம் விலாவிலிருந்து ஆறாம் விலா வரைக்கும், நடு நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து விலாப்பக்கம் வரைக்கும் பரவியிருக்கும். உள்ளே 15 முதல் 20 மடல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் காம்பை நோக்கி ஒரு பால் குழாய். இங்கிலாந்தின் ஆஸ்ட்லி கூப்பர் இந்தக் குழாய்களுக்குள் நிற மெழுகு செலுத்திப் பார்த்து, 1840-ல் மார்பகத்தின் உடற்கூறு பற்றி ஒரு தனிப் புத்தகமே போட்டார். தோலையும் சுரப்பியையும் இழுத்துக் கட்டியிருக்கும் நார்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். கட்டி அந்த நாரைப் பிடித்துச் சுருக்கும்போது தோலில் குழி விழுகிறது. கையை உயர்த்தும்போது மட்டும் தெரிகிற குழியும் உண்டு. கண்ணாடி முன் நிற்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். தோலின் நிணநீர் அடைத்துக்கொண்டால் வேறு மாதிரி இருக்கும். தோல் தடித்து, மயிர்க்கால்கள் மட்டும் உள்வாங்கி, சாத்துக்குடித் தோல் போல ஆகிவிடும். அதைப் பார்த்த பிறகு ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடக்கூடாது.

மார்பகத்துக்கு வால் உண்டு என்றால் பெண்கள் சிரிப்பார்கள். மேல் வெளிப்பக்க மூலையிலிருந்து ஒரு துண்டு, தசையுறையில் இருக்கும் ஒரு துளை வழியாக அக்குளுக்குள் நுழைந்துவிடுகிறது. பிரசவ வார்டில் இருந்து மாதம் ஒரு அழைப்பாவது எனக்கு வரும். பிள்ளை பெற்று மூன்றாம் நாள், பால் கட்டியிருக்கும் நேரம், இரண்டு கக்கத்திலும் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம், வலி. "கட்டி வந்துடுச்சா டாக்டரம்மா?" என்று அந்தப் பெண் அழுவாள். பக்கத்தில் மாமியார் முகம் இறுகி நிற்பார். அது பால்தான். அக்குளுக்குள் இருக்கும் மார்பகத் திசுவும் பால் சுரக்கப் பார்க்கிறது, வெளியே போக வழியில்லை. பெரும்பாலும் சில நாளில் தானாக வடியும். கருவில் இருக்கும்போது கக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை இரண்டு பக்கமும் ஒரு பால் கோடு ஓடுகிறது. நெஞ்சில் மட்டும் நின்று மிச்சம் மறைந்துவிட வேண்டும். சிலருக்கு முழுதாக மறைவதில்லை. ஆண்களுக்குக்கூட அந்தக் கோட்டில் மச்சம் போல ஒரு கூடுதல் காம்பு இருக்கும், அவர்கள் மச்சம் என்றே நினைத்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள்.

இந்த வால் பக்கத்து மூலையில்தான் சுரப்பித் திசு அதிகம். மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ பாதி அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து அக்குள் கூப்பிடு தூரம். மார்பகத்தின் நிணநீரில் முக்கால் பங்குக்கும் மேல் அக்குள் முடிச்சுகளுக்குத்தான் வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நெஞ்செலும்பின் ஓரமாக உள்ளே இருக்கும் முடிச்சுகளுக்குப் போகும். அதனால் மார்பகத்தைச் சோதிக்க வரும் பெண்ணிடம் நான் முதலில் தொடுவது கக்கத்தை. அவர் கையைத் தூக்கச் சொல்லக் கூடாது, தூக்கினால் தசை இறுகி விரல் உள்ளே போகாது. அவருடைய முன்கையை என் முன்கை மேல் கிடத்தி, "கையை எங்கிட்ட குடுத்துட்டு நீங்க சும்மா இருங்கம்மா" என்பேன். தசை தளர்ந்ததும் விரல் நுனிகளைக் கோபுரத்தின் உச்சி வரை ஏற்றி, விலாவோடு ஒட்டிக் கீழே வழித்து வர வேண்டும். நல்ல முடிச்சு ஊறவைத்த மொச்சை மாதிரி நழுவும், பல பேருக்குக் கைக்கே தட்டுப்படாது. கெட்டது புளியங்கொட்டை. இரண்டு மூன்று புளியங்கொட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால் விரலை எடுக்கும் முன்பே மனசு கனத்துவிடும்.

கையில் புண், பூனை கீறியது என்று எதற்கு வேண்டுமானாலும் கக்கத்தில் நெறி கட்டும், வலிக்கும், இறங்கிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். வலிக்காமல், இறங்காமல், கெட்டியாக நிற்பதுதான் கவலை. எங்கள் பெண்கள் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். "வலிக்கலையே டாக்டரம்மா, அதான் வரல" என்ற வாக்கியத்தை நான் கேட்ட தடவைக்குக் கணக்கில்லை.

இனி அறுவை மேசைக்கு வருகிறேன். உயிரோடு இருக்கும் அக்குள், ஃபார்மலின் அக்குளோடு எந்த விதத்திலும் ஒப்பிட முடியாதது. கொழுப்பு மஞ்சள் மஞ்சேள் என்று, உறைந்த பசுநெய் போல மணல்மணலாக இருக்கும். அதை விலக்கிக்கொண்டே போனால் மேலே, சுண்டுவிரல் தடிமனில், நீலமாக, மெல்லிய சுவரோடு அக்குள் சிரை தெரியும். அதுதான் எங்கள் மேல் எல்லை. அதைத் தாண்டி மேலே போனால் கைக்குப் போகும் தமனியும் நரம்புக் கற்றைகளும். அங்கே எங்களுக்கு வேலையில்லை. சிரைக்குக் கீழே மூன்று நரம்புகளைத் தேட வேண்டும்.

முதலாவது, விலாச் சுவரில் ஒட்டிக்கொண்டு நேராகக் கீழே இறங்கும் ஒல்லியான நரம்பு. பழைய புத்தகங்கள் பெல் நரம்பு என்று எழுதும். தோள்பட்டை எலும்பை முதுகோடு அழுத்திப் பிடித்திருக்கும் தசைக்கு உயிர் கொடுப்பது இதுதான். வேறோர் ஊரில் அறுவை செய்துகொண்ட ஒரு விவசாயக் கூலி அம்மா என்னிடம் வந்தார். புற்று போய்விட்டது. "நனைஞ்ச பொடவைய கொடியில போட முடியலம்மா, கை மேல வரமாட்டேங்குது" என்றார். சுவரைப் பார்த்து நின்று இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தள்ளச் சொன்னேன். ரவிக்கைக்குப் பின்னால் ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு கோழி இறக்கை விரிவது போலப் புடைத்து எழுந்தது. அந்த நரம்பு போய்விட்டது. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் வயசானதால் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வயது 46.

இரண்டாவது நரம்பு பின்சுவரில், தனக்கென்று ஒரு தமனியையும் சிரையையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு இறங்கும். முதுகின் அகன்ற தசைக்குப் போகிறது. கிணற்றில் வாளி இழுக்க, கை ஊன்றி எழுந்திருக்க இந்தத் தசை வேண்டும். இதைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு: மார்பகத்தை எடுத்த இடத்தில் புது மார்பகம் அமைக்க வேண்டும் என்றால், பிளாஸ்டிக் சர்ஜன் இந்த முதுகுத் தசையைத்தான் அதன் ரத்தக் குழாயோடு முன்னால் திருப்பிக் கொண்டுவருவார். எது நரம்பு என்று சந்தேகம் வந்தால் நுனி இடுக்கியால் மெல்லத் தொட்டுப் பார்ப்போம். தசை துள்ளும். அதற்காகவே மயக்க மருத்துவரிடம், "தசையைத் தளர்த்துற மருந்து இப்ப வேண்டாம் சார்" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். மயங்கிக் கிடக்கும் பெண்ணின் முதுகு சட்டென்று ஒரு முறை சிலிர்த்து அடங்குவதைப் பார்க்கும்போது எத்தனை ஆண்டானாலும் எனக்கு ஒரு பயபக்தி வரும்.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இரண்டாம் விலா இடுக்கிலிருந்து கிளம்பி, அக்குளின் கொழுப்பைக் குறுக்காகக் கடந்து, மேல்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகிறது. சேமியா தடிமன்தான் இருக்கும். எந்தத் தசையையும் அசைப்பதில்லை. தொடுவுணர்வு மட்டும். நேராக வேலை செய்யும் இடத்தில் குறுக்கே நிற்பதால் நான் பயிற்சி எடுத்த 1980-களில் இதை வெட்டிவிட்டுத்தான் மேலே போவோம். "அது ஒண்ணும் பண்ணாது" என்பது பாடம். நானும் கணக்கில்லாமல் வெட்டியிருக்கிறேன். அறுவைக் குறிப்பில் எழுதியதுகூட இல்லை.

பூக்கடைக்காரம்மா ஒருவர். மல்லிகை கட்டுவார். அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து வந்தவர், கட்டியைப் பற்றிக் கேட்காமல் கையைப் பற்றிக் கேட்டார். "ரவிக்கை கை ஒரசுறது தெரியலம்மா. குளிக்கும்போது சோப்பு போட்டா வேற யாரோ கைக்குப் போடுற மாதிரி இருக்கு. சில நாள் ராத்திரி மொளகா அரைச்ச கை மாதிரி எரியுது. நீங்க மார்ல தானம்மா ஆபரேஷன் பண்ணீங்க?" நான் பேனாவால் அவர் கையில் உணர்ச்சி இல்லாத இடத்தைச் சுற்றி வரைந்தேன். அக்குளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேலே வரை, உள்பக்கம், ஒரு வெற்றிலை அகலம். நான் வெட்டிய நரம்பின் எல்லைக்கோடு, மாணவர்களுக்குக் காட்டும் படம் போல அத்தனை துல்லியமாக இருந்தது. பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது அவர்கள் உரசும் இடமும் அதுதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்த அறுவையிலிருந்து அந்த நரம்பைக் கொழுப்பிலிருந்து உரித்து எடுத்து ஒதுக்கி வைக்கப் பழகினேன். இருபது நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். எல்லா நேரமும் முடியாது, முடிச்சுகள் அதில் ஒட்டியிருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டும் முன்பே, முந்தின நாள் ராத்திரி வார்டில், சொல்லிவிடலாம். மாரடைப்பில் இடது கையின் உள்பக்கம் வலிப்பதாகப் பெரியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்களே, அந்த வலி வந்து உட்கார்வதும் இந்த நரம்பின் பிரதேசத்தில்தான். "அது ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னவர்களுக்கு இதையாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

இவ்வளவு வெட்டியது ஏன்? அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1882-ல் தொடங்கிவைத்த அறுவை, ஏறக்குறைய 90 ஆண்டு உலகத்தை ஆண்டது. அறுவை அரங்கில் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவரும் அவரே. தன் அரங்கில் வேலை செய்த செவிலிக்குக் கிருமிநாசினி பட்டுக் கை வெந்துபோனதால் முதலில் அவருக்காகத்தான் செய்யச் சொன்னார். பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். ஹால்ஸ்டெட்டின் கணக்கு எளிமையானது. புற்று மார்பகத்திலிருந்து முடிச்சுக்கு முடிச்சாக வரிசைப்படி ஊர்ந்து போகிறது, ஆகவே அது போகிற வழி முழுவதையும் வேரோடு எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது. மார்பகம், இரண்டு மார்புத் தசைகள், அக்குள் முழுக்க ஒரே துண்டாக. பழைய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். காறை எலும்புக்குக் கீழே பள்ளம், தோலுக்கு அடியில் விலா எலும்பு எண்ணிவிடலாம்.

அக்குளை முழுதாக வழித்தால் கை வீங்கும். கையின் நிணநீரும் அதே முடிச்சுகள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். இந்த வீக்கத்துக்கு ஹால்ஸ்டெட் 1921-ல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் 'அறுவை யானைக்கால்'. அதைப் படித்தபோது எனக்குக் கடைத்தெரு வெற்றிலைக்காரர் ஞாபகம்தான் வந்தது. அங்கே புழு குழாயைக் கெடுத்தது. இங்கே நாங்கள்.

1948-ல் லண்டனில் பேட்டி என்பவர் பெரிய மார்புத் தசையை விட்டுவைத்தார். அக்குளை அடுக்கடுக்காகப் பிரிக்கச் சின்ன மார்புத் தசையை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டோம். அதற்குக் கீழே உள்ளவை முதல் அடுக்கு, பின்னால் மறைந்திருப்பவை இரண்டாவது, மேலே உச்சிப் பக்கம் இருப்பவை மூன்றாவது. ஹால்ஸ்டெட்டின் கணக்கையே கேள்வி கேட்டவர் பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர். 1971-ல் தொடங்கி 1,600-க்கும் மேற்பட்ட பெண்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு முழு அறுவை, சிலருக்குக் குறைத்து, முடிச்சு கைக்குத் தட்டுப்படாத சிலருக்கு அக்குளைத் தொடாமலே விட்டு, 25 ஆண்டு பின்தொடர்ந்தார். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. முடிச்சு வெறும் அணை அல்ல, நோய் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும் மைல்கல் என்பது அதிலிருந்து புரிந்தது. ரத்தம் வழியாகவும் புற்று போகும். மார்பகத்தின் சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலையோடு தொடர்புள்ளவை, 1940-லேயே பேட்சன் என்பவர் அதைக் காட்டியிருந்தார். மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் போவது அக்குளைக் கேட்டுக்கொண்டு அல்ல. மார்பக அறுவை செய்தவருக்கு விடாத முதுகுவலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்குள் மைல்கல்தான் என்றால், எல்லாக் கல்லையும் பிடுங்க வேண்டுமா? முதல் கல்லைப் பார்த்தால் போதாதா? 1990-களில் வந்த கேள்வி இது. கட்டியின் நிணநீர் முதலில் வந்து சேரும் முடிச்சுக்குக் காவல் முடிச்சு என்று பெயர். ஜூலியானோ என்ற அமெரிக்க மருத்துவர் நீலச் சாயத்தைப் போட்டு அதைக் கண்டுபிடித்து 1994-ல் வெளியிட்டார். எனக்கு அதைச் செய்யும் வாய்ப்புக் கிடைத்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. காம்புக்குப் பக்கத்தில் மெத்திலீன் ப்ளூ ஊசி, ஐந்து நிமிஷம் தேய்த்துவிடுவது, பிறகு அக்குள் முடிக்குக் கீழே ஒரு சின்னக் கீறல். மஞ்சள் கொழுப்புக்குள் பென்சில் கோடு போல ஒரு நீலக் கோடு ஓடுகிறது. அதை அறுத்துவிடாமல் பின்தொடர்ந்து போனால், கோடு முடியும் இடத்தில் நாவல்பழம் மாதிரி ஒரு முடிச்சு. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சத்தமாகவே "அப்பாயி!" என்றேன், செவிலி திரும்பிப் பார்த்தார். நாற்பது ஆண்டு முன்னால் அந்தக் கிழவி வாயால் சொன்ன வழி, கண்ணுக்கு முன் நீலத்தில் எழுதியிருந்தது. மறுநாள் காலை நோயாளி பதறிப்போய், "மூத்திரம் பச்சையா போகுதும்மா" என்பார். சாயம் வெளியே போகிறது, அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்ல மறந்தால் வார்டே கலங்கிவிடும்.

அந்த முடிச்சில் புற்று இல்லையென்றால் மிச்ச அக்குளைத் தொட வேண்டியதில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மார்பகத்தைக் காப்பாற்றி, முழு மார்பகத்துக்கும் கதிர்வீச்சு பெறும் பெண்களுக்கு, ஒன்றிரண்டு காவல் முடிச்சில் புற்று இருந்தால்கூட அக்குளை வழிக்கத் தேவையில்லை. பெரிய நகரங்களில் சாயத்தோடு கதிரியக்கப் பொருளும் போட்டு, காமா கருவியை வைத்து ஒலி கேட்டுத் தேடுகிறார்கள். எல்லா ஊரிலும் அந்தக் கருவி இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். அக்குளின் கீழ்ப்பகுதிக் கொழுப்பை மட்டும் ஒரு பொட்டலமாக எடுத்துச் சோதிப்பது. காவல் முடிச்சைத் தேடிப் பிடிப்பதற்கு இது குறைந்ததல்ல என்று 2013-ல் வெளியிட்டார்கள். அந்தப் பொட்டலத்துக்கு மேல் எல்லை எது தெரியுமா? குறுக்கே ஓடும் அந்த மூன்றாவது நரம்பு. ஒரு காலத்தில் வழியில் நிற்கிறது என்று வெட்டி எறிந்ததையே இன்று எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். பூக்கடைக்காரம்மாவுக்கு இதைச் சொல்ல ஆசைப்பட்டேன், அதற்குள் அவர் வேறு ஊர் போய்விட்டார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தச் சின்னக் கீறல் எல்லாம் கட்டி சின்னதாக இருக்கும்போது வருகிறவர்களுக்கு. என் மேசைக்கு வந்தவர்களில் பலர் அக்குளில் புளியங்கொட்டையோடு வந்தவர்கள். அவர்களில் பலருக்கு முதல் இரண்டு அடுக்கையும் எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. முழு அக்குள் அறுவைக்குப் பின் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. காவல் முடிச்சு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்குப் பக்கம். தாமதமாக வருவதன் விலை உயிர் மட்டும் என்று நினைக்கிறோம், கையும் அதில் சேர்த்தி.

அறுவை முடிந்ததும் அக்குளிலிருந்து ஒரு டிரெயின் குழாய் வெளியே தொங்கும். அதில் சேரும் நீரைத் தினமும் அளப்போம். நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடலாம். குழாயைப் பார்த்துப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதுதான் பெரிய தப்பு, தோள் இறுகிவிடும். முதலில் தலை வாரட்டும், பிறகு சுவரில் விரல்களை எறும்பு போல ஊர விட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடட்டும். ஒருவர் வீட்டுக்குப் போனபோது சுவரில் பேரப் பிள்ளைகளின் உயரக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே அவருடைய விரல் கோடுகளும் ஏறியிருந்தன. "அவன விட நான்தான் சீக்கிரம் வளர்றேன்" என்றார். ஊசியும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் மற்ற கையில் இருக்கட்டும் என்பேன். முன்பு நினைத்த அளவுக்கு அதற்கு வலுவான ஆதாரம் இல்லை, என் தலைமுறைப் பழக்கம். கையில் வெட்டு, தீக்காயம், சிவந்த வீக்கம் வந்தால் அன்றே மருந்து போட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வளையல் திடீரென்று இறுகினால் அதையும் அன்றே சொல்லுங்கள். ஆரம்ப வீக்கத்தை அழுத்தக் கையுறையும் பயிற்சியும் பிடித்து நிறுத்தும்.

மார்பகத்தில் ஏதாவது தட்டுப்பட்டு மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால், முன்பக்கம் ஹூக் வைத்த தளர்வான ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு போங்கள். அவர் மார்பகத்தை மட்டும் தொட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று கை கழுவப் போனால், கூச்சப்படாமல் கையை நீட்டி, "இங்கயும் ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். இரண்டு பக்கமும்.